ஆவுளியாவுக்கு ஒரு முகூர்த்தப் புடவை

அனுப்புநர்:
பட்டு நெசவாளி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: கோடை விடுமுறை – மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா – குடும்பத்துடன் பார்த்துவர அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28. 2. கைத்தறிக்குத் துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் 1985. 3. எங்கள் வீட்டு நாள்காட்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு சொலவடை உண்டு, தாங்களும் கேட்டிருப்பீர்கள். குழித்தறியில் இறங்கி மிதியை மிதித்துக்கொண்டே பிழைக்கிற அந்தக் கூட்டத்தில் விண்ணப்பதாரரும் ஒருவர். ஆட்டிய காலை இந்தக் கோடையில் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் நனைத்துவர வேண்டும் என்று வீட்டில் தீர்மானமாகியிருக்கிறது. முன்மொழிந்தவன் பையன், வழிமொழிந்தவள் என் வீட்டுக்காரி. எதிர்த்தது நான் ஒருவன் மட்டுமே என்பதால் ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

கடல்தானே, மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே பல்லவர் கல்லும் பஜ்ஜிக் கடையும்தான் தெரியும், கடலுக்குள் இருப்பது தெரியாது என்கிறான் பையன். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளாம். சுற்றியுள்ள கடலோடு சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்களாம். அதையும் உள்ளே வைத்து 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகமாம், தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கடலுக்கென்று வந்த முதல் காப்பகம் அதுவாம். நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, கடற்பசு என்று ஒப்பிக்கிறான். கணக்குப் பாடத்தில் இந்த வேகம் இருந்ததில்லை.

விண்ணப்பம் முறைப்படி இருக்க வேண்டுமே என்று சட்டத்தைப் படித்தேன். பூங்காவுக்குள் போகத் தாங்கள் அனுமதி தரக்கூடிய காரணங்களைப் பிரிவு 28 வரிசையாகச் சொல்கிறது. வன உயிரினங்களைப் பற்றி அறிய வரலாம், படம் எடுக்க வரலாம், விஞ்ஞான ஆராய்ச்சிக்கு வரலாம், சுற்றுலாவுக்கு வரலாம், உள்ளே வசிப்பவர் யாருடனாவது சட்டப்படியான வியாபாரம் இருந்தாலும் வரலாம். இந்தக் கடைசிக் காரணத்தில்தான் என் மனம் நின்றது. உள்ளே வசிப்பவர் என்றால் ஆவுளியா. தாங்கள் கோப்பில் கடற்பசு என்று எழுதுவதைக் கரையோர மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவருக்கு ஒரு முகூர்த்தப் புடவை விற்க முடியுமா என்று யோசித்தேன். மூன்று மீட்டர் வரை வளரும் தேகம், ஆறு கஜம் காணாது. சாப்பாடு கடல்புல் மட்டும், கையில் ரொக்கம் புழங்காது, ஜி.எஸ்.டி. எண்ணும் கிடையாது. எங்கள் ஊர் முதலாளிகளே கடனுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே தயவுசெய்து சுற்றுலா என்றே எழுதிக்கொள்ளவும்.

அடுத்து, எப்போது வருவது என்பது. இதில்தான் தங்கள் மேலான வழிகாட்டுதல் தேவைப்படுகிறது.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடியும். அதையொட்டிச் சித்ரா பௌர்ணமி வந்து நிற்கும். அன்றைக்கு வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வார். எங்கள் ஊரில் ஆண்டு தவறாமல் கோடைச் சுற்றுலா போகிறவர் அவர் ஒருவர்தான், அவரை வழியனுப்பாமல் நாங்கள் கிளம்புவது மரியாதையில்லை. மே 4-ல் கத்திரி பிறக்கும். வைகாசியில் பிரம்மோற்சவம், மூன்றாம் நாள் கருட சேவை. பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் இரண்டும் தெருவில் நிற்கும்போது பிள்ளையார்பாளையத்தான் மட்டும் பாம்பனில் நின்றால் ஊர் சிரிக்கும். போகட்டும் என்றாலும் வைகாசி கல்யாண மாதம். உலகம் முழுக்கத் தாலி கட்டும் நேரத்தில் தறியை நிறுத்திவிட்டுத் தீவு பார்க்கப் போகிறேன் என்றால் முதலாளி அடுத்த பாவு நூலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வைகாசி முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

தங்கள் பக்கத்து நாள்காட்டியையும் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், நல்ல மீன் கண்ணில் படாது. தடை முடிந்து கொஞ்ச நாளில் ஆடி வரும். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு, ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. கச்சான் காற்று மன்னார் வளைகுடாவைப் புரட்டியெடுக்கும் அந்த நாட்களில் படகு விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஐப்பசியில் தீபாவளி வேலை, பிறகு அடைமழை. மழைக்காலத்தில் குழித்தறிக்குள்ளேயே தண்ணீர் ஊறும் வீடுகள் எங்கள் பக்கம் உண்டு, கடல் பார்க்க வெளியே போகவே வேண்டாம். தை, மாசியில் கடல் தெளிந்து கிடக்கும் என்கிறார்கள், அப்போது பையனுக்குப் பரீட்சை நெருங்கும். ஆக, தங்கள் பூங்கா திறந்திருக்கும்போது எங்கள் தறி ஓடுகிறது, எங்கள் தறி நிற்கும்போது தங்கள் கடல் ஓடுகிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு வாரத்தை அரசிதழில் வெளியிட முடியுமா?

பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செங்கல்பட்டுக்குப் போய் ராமேசுவரம் ரயிலைப் பிடிக்க வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தபின் மறுபடி தீவுக்குள் போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 60 நாள் கழித்து என் தறியில் என்ன நிறப் பாவு இருக்கும் என்பது எனக்கே தெரியாது.

எப்படியோ வந்து சேர்ந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குந்துகாலிலிருந்து தங்கள் துறையின் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம் என்று அறிகிறேன். விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை ஒரு காசி. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தக் கடலின் சங்கையும் முத்தையும் மற்ற உயிர்களையும் எழுதிவைத்துவிட்டார். வேறு இடங்களில் கண்ணாடி அடித்தளம் வைத்த படகும் உண்டு, குனிந்து பார்த்தால் பவளப்பாறை தெரியும். பையனுக்கு அதுதான் வேண்டும்.

பவளத்துக்குத்தான் கோடை ஆகாது என்கிறார்கள். பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனுடையது, சாப்பாட்டில் பெரும்பங்கும் அது சமைத்துப் போடுவது. தண்ணீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் இது நடக்கிறது. 2010-ல் கடுமையாக நடந்தது. 2016-ல் அதைவிடக் கடுமை. அந்த ஒரு கோடையில் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாக அங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2024-லும் வெளுத்தது. அதாவது, நாங்கள் விடுமுறைக்கு உள்ளே வரும் நேரம் பார்த்து, உள்ளே குடியிருப்பவர் விடுமுறைக்கு வெளியே போய்விடுகிறார். வெயிலுக்குத் தப்பி நாங்கள் வருகிறோம், அவர் போகிறார். சாயம் போன புடவையைக் காட்டினால் எங்கள் ஊரில் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். தாங்கள் யாரிடம் திருப்பிக் கொடுப்பீர்கள்?

இங்கே ஒரு சந்தேகம். சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்த பாவம், அதோடு விடாமல் பழைய சங்கதிகளையும் படித்துத் தொலைத்தேன். 21 தீவு என்று பையன் சொன்னான் அல்லவா? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டனவாமே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி ஏற்றியதில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு கரைந்தது என்கிறார்கள். 1986-ல் பூங்கா வந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001-ல் பவளத்தைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, 2005 வாக்கில்தான் ஓய்ந்திருக்கிறது. காப்பாற்ற வேண்டியதைத் தண்ணீருக்குள் வைத்துவிடும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு, அத்திவரதரை அனந்தசரஸ் குளத்தில் வைப்போம். ஆனால் அவருக்குக் கணக்கு உண்டு. 2019-ல் எழுந்து 48 நாள் தரிசனம் கொடுத்தார், மறுபடி 2059-ல் வருவார். தங்கள் இரண்டு தீவுகளும் எந்த ஆண்டு எழுந்தருளும் என்று தெரிவித்தால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

பாறை வெட்டியவர்கள் பிரிவு 28-ல் எந்தக் காரணத்தைச் சொல்லி உள்ளே வந்தார்கள் என்பதே என் சந்தேகம். அவர்கள் மட்டுமா? பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் பாசியை வளர்த்தால் நல்ல காசு என்று மண்டபத்தில் சோதித்து, 2000-க்குப் பிறகு ஒரு குளிர்பானக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் பாக் விரிகுடாப் பக்கம் மிதவை கட்டினார்கள். அந்தப் பாசி எந்த அனுமதியும் கேட்காமல் குருசடைக்கு நீந்திவந்து பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்தது. தங்கள் பணியாளர்கள் கையால் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 2005 ஜூலை 2-ல் மதுரையில் சேதுக் கால்வாய்க்குத் தொடக்க விழா. உயிர்க்கோளக் காப்பகத்தின் ஓரத்தில் கப்பல் போக மண் தோண்டும் இயந்திரங்கள் வந்து நின்றன. கடைசியில் 2007-ல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலத்துக்காக இடைக்காலத் தடை போட்டது. பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் அந்த வழக்கில் ராமர்தான் வக்கீல். கடவுள் துணை என்று நாம் சொல்வது வெறும் பேச்சில்லை போலிருக்கிறது.

தங்கள் துறையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கடல் அட்டை கடத்துகிறவர்களைத் தங்கள் ஆட்கள் ராப்பகலாகத் துரத்துகிறார்கள். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறை இறக்கியிருக்கிறார்கள், பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்க்கிறார்கள், 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் நல்ல வேலை. நான் கேட்பது, வாசலில் யாரை நிறுத்துகிறோம் என்பதைத்தான்.

ஏனென்றால் உண்மையாகவே நிறுத்தப்பட்டவர்கள் சின்னப்பாலம் போன்ற கரையோர ஊர்களின் பெண்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பவர்கள். அதிலிருந்துதான் அகர் வருகிறது, கடைகளில் ஜெல்லியாகத் துள்ளுவது அதுதான். சேலையை வேட்டி மாதிரி வரிந்து கட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆயுசு முழுக்கச் சேலை நெய்தும் அதற்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது எனக்குத் தெரியாது. மாதத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்கள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்துவது என்று அவர்களே கூடி முடிவு செய்தார்கள். அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் எங்களுக்கு இந்த ஒழுங்கு புரியும். அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கொடுத்து அமெரிக்கா வரை மரியாதை செய்தார்கள். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் சொந்தத் தீவுக்குள் போவது அத்துமீறல்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே தீவில் இறங்கும் நான், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவன், நீச்சல் தெரியாதவன், பவளத்துக்கும் கல்லுக்கும் வித்தியாசம் அறியாமல் மிதிக்கக்கூடியவன். எனக்குப் பெயர் சூழல் சுற்றுலாப் பயணி. மூச்சடக்கி முங்கி எந்தப் பாசியை எந்த மாதம் தொடக்கூடாது என்று தெரிந்தவளுக்குப் பெயர் ஊடுருவியவள். இந்த ஏற்பாட்டின் நுட்பம் பாமரனான எனக்குப் பிடிபடவில்லை.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று தாங்கள் கேட்கலாம். ஒரே யோக்கியதைதான், ஐயா. நானும் பாதுகாக்கப்பட்ட இனம். தங்கள் தீவுகளுக்கு 1986 என்றால் எங்களுக்கு 1985. அந்த ஆண்டு வந்த சட்டத்தின்படி 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கினார்கள், பிறகு 11 ஆக்கினார்கள். தாங்கள் 21 தீவில் இரண்டை மட்டுமே தொலைத்திருக்கிறீர்கள், எங்களைவிடத் தேவலை. கரையும் முந்தானையும் வைத்த புடவை அந்த 11-க்குள் இருக்கிறது, அதே புடவையை விசைத்தறி ஒரே நாளில் துப்பிக்கொண்டிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை நெய்ய எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்க ஆள்தான் கிடைப்பதில்லை. 2020 ஜூலை கடைசியில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள், ஆகஸ்ட் 7-ல் தேசியக் கைத்தறி நாள் வாழ்த்துச் சொன்னார்கள். நாடெங்கும் கைத்தறியில் இருந்தவர்கள் 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சம், அடுத்த கணக்கெடுப்பில் 35 லட்சம். ஆவுளியா சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். நாங்கள் இன்னும் லட்சத்தில் இருப்பதால் அவருக்குள்ள கவனம் எங்களுக்கு வர நாளாகும்.

எங்களுக்கும் பூங்கா உண்டு. கீழ்க்கதிர்ப்பூரில் பட்டுப் பூங்கா. பாசி எடுப்பவர்கள் பக்கமும், ராமநாதபுரம் மாவட்ட வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கடல்பாசிப் பூங்கா வைக்க 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் அரசுக்கு முதலில் நினைவு வருவது ஒரு பூங்காதான். காப்பாற்றப்படுகிறவர் அதற்குள் இருக்கிறாரா என்று யாராவது போய்ப் பார்த்துவருவது நல்லது. அந்த நோக்கத்தில் பார்த்தாலும் என் பயணம் பொதுநலன் சார்ந்ததே.

எனவே என் கோரிக்கை இதுதான். கோடைக்கு வேண்டாம். பவளம் வெளுக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை எங்களைப் போன்றவர்களின் படகை நிறுத்திவையுங்கள், பையனிடம் நான் பேசிக்கொள்கிறேன். தை, மாசியில் பார்க்கிறோம், பரீட்சைக்கு ஒரு சனி ஞாயிறு குறைந்தால் குடி முழுகாது. அப்போது படகில் எங்களோடு சின்னப்பாலத்து அக்கா ஒருவரை வழிகாட்டியாக, முழு நாள் கூலியோடு உட்கார வையுங்கள். எது மரிக்கொழுந்து, எது வந்தேறிப் பாசி, எங்கே கால் வைக்கக்கூடாது என்று அவர் சொன்னால் பையன் கேட்பான், நானும் கேட்பேன். மாதத்தில் இன்னின்ன நாளில் கையால் பாசி எடுக்கலாம் என்று அவர்கள் வகுத்த விதியைத் தங்கள் விதியாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர்கள் விண்ணப்பம் தங்கள் மேசையில் இருந்தால் அதை முதலில் எடுங்கள். என்னுடையது அதற்கு அடியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டு நெசவாளி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.